எஃப்-3 வாசலில் ஒன்பதாம் நம்பர் செருப்பு

1. பொறுப்பேற்ற நாள்

பாய்லர் இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, சோதிக்க வீட்டில் மிஞ்சியது ஒரு பிரஷர் குக்கர்தான். அதைத் தொடக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் கோபாலபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் இருபத்துநான்கு ஃபிளாட் கட்டடத்தின் அசோசியேஷனுக்கு செக்ரெட்டரி தேவைப்பட்டது. யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

முதல் நாள் காலை டார்ச்சும் நோட்டுமாக மொட்டை மாடியில் தொடங்கி பம்ப் ரூம் வரை இறங்கினேன். ஓவர்ஹெட் டேங்க்குக்கு மூடி இல்லை. மெயின் போர்டை ஒட்டிப் பழைய பேப்பர் கட்டுகள். லிஃப்டுக்குள் எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் எங்கேயும் மணி அடிக்கவில்லை. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

2. செருப்புச் சட்டம்

அடுத்து என் கண் வராந்தாவில் விழுந்தது. வாசலுக்கு வாசல் செருப்பு ஸ்டாண்டு, அறுந்த செருப்பு, பள்ளிக்கூட ஷூ. அவசரத்துக்கு ஓடுகிறவர் தடுக்கி விழுவார் என்று காரணம் எழுதி, வராந்தாவில் காலணி கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டேன். மீறினால் துப்புரவு வேலை செய்யும் செல்வி எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி பம்ப் ரூமில் போட்டுவிடுவார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாம் மாடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமிக்கு இது பெரிய தொல்லை. எட்டுப் பிள்ளைகள் செருப்பைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சரளி வரிசை பாடினார்கள். "ஏன் சார், ஆத்துக்கு வரவா காலையும் கழட்டிண்டு வரணுமா? அதுக்கும் ஒரு நோட்டீஸ் போட்டுடுங்கோ" என்று மாமி ஒரு நாள் படிக்கட்டில் கேட்டார். நான் சிரித்தேன். சட்டத்தைத் தளர்த்தவில்லை. பாய்லரில் ஒரு ரிவெட் கசிந்தாலும் நான் சர்டிஃபிகேட் கொடுத்ததில்லை. வராந்தாவும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

3. எஃப்-3

முதல் மாடி எஃப்-3இல் கோமதி என்று ஒரு டீச்சர் வாடகைக்கு இருந்தார். தென்காசிப் பக்கம். நாற்பது வயது இருக்கும். அருகிலுள்ள பள்ளியில் வேதியியல் எடுத்தார். நடந்தே போய் வருவார். அவர் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, ஒன்பதாம் நம்பர், எப்போதும் இருக்கும். இரண்டு முறை சொன்னேன். "சரி சார்" என்பார். மறுநாள் செருப்பு அங்கேயே இருக்கும்.

மூன்றாவது முறை செல்வியை எடுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"இத்த வுட்டுறு சார். இத்த யாரும் போட்டு நான் பாத்ததில்ல. டீச்சரு தினம் தொடச்சித் தொடச்சி வெக்கிது."

யாரும் போடாத செருப்பு என்றால் அது குப்பை என்று எனக்குப் பட்டது. அதை ஏன் ஒருவர் தினமும் துடைக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு செருப்பை பம்ப் ரூமில் போடவைத்தேன். வாடகைதாரர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ஃபிளாட் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி எழுதினேன்: "எஃப்-3க்கு மூன்றாவது நினைவூட்டல். பதிவேட்டின்படி அங்கே வசிப்பவர் ஒருவர், அவரும் பெண். பயன்படாத ஆண் செருப்புக்கு வராந்தாவில் இடமில்லை."

பதினோரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

கோமதி தனியாக இருக்கிறார் என்பது அதுவரை அந்த ஃபிளாட்டின் உரிமையாளருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கணவருக்குக் கப்பலில் வேலை என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

4. அவர் கேட்டது

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோமதி என் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் இப்போது தினமும் அவர் வீட்டு மணியை அடிக்கிறாராம். ஒரு நாள் கேபிள் சரியாக வருகிறதா என்று, ஒரு நாள் சிலிண்டர் தூக்கி வைக்கட்டுமா என்று, ஒரு நாள் சும்மா.

"அவர் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இதுவரைக்கும் வரல. அந்தச் செருப்பு பாத்துக்கிச்சு."

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில், இருப்பதிலேயே பெரிய சைஸாகக் கேட்டு வாங்கினாராம். சொல்லும்போது லேசாகச் சிரிக்கவும் செய்தார். நான் அப்போதே செருப்பை எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கடிதம் வேண்டாம் என்று பெருந்தன்மையாக வேறு சொன்னேன்.

"இது இப்ப எதுக்கு சார்? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே. அதே குரூப்ல ஒரே ஒரு வரி போடுங்க. பதிவேட்டைத் தப்பாப் பாத்துட்டேன், அவங்க வீட்டுக்காரர் லீவுல வந்திருக்காருன்னு."

"அது பொய்யாச்சேம்மா" என்றேன்.

"ஆமா சார், பொய்தான்" என்றார்.

என் சர்வீஸில் ஒரு பொய் ரிப்போர்ட்டில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை என்று அவருக்கு விளக்கினேன். மூன்றாம் மாடிக்காரரை வேண்டுமானால் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மனிதரைக் கூப்பிட்டேன். "பக்கத்து வீட்டுக்கு ஒத்தாசை பண்றது எந்த ரூல்ல தப்புன்னு காட்டுங்க சார்" என்றார். என்னிடம் அதற்கு ரூல் இல்லை.

மாதக் கடைசியில் கோமதி ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டார். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ். வேன் கிளம்பியதும் செல்வி வராந்தாவைக் கூட்ட ஆரம்பித்தார். அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் வராந்தா சுத்தத்துக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

5. அடுத்து வருகிறவர்களுக்கு

அசோசியேஷன் கண்டிப்புக் காட்ட வேண்டுமா என்று கேட்டால், டேங்க் மூடியிலும் மெயின் போர்டிலும் லிஃப்டிலும் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். வராந்தாவில் வழியை மறிக்கும் ஸ்டாண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். சுவரோரம் இருக்கும் ஒரு ஜோடி செருப்பு உங்கள் கண்ணை மட்டும்தான் உறுத்துகிறது என்றால், தாண்டிப் போங்கள். அதுவும் முடியாதென்றால் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் காரணம் கேளுங்கள். பதிவேட்டில் இருப்பதை ஊருக்குச் சொல்லாதீர்கள்.

செக்ரெட்டரியாக இருந்த ஆறு வருடத்தில் நான் போட்ட நோட்டீஸ்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கோமதி கேட்ட அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவர் எஃப்-3இலேயே இருந்திருப்பார். இன்று கேட்டால் எழுதுவேன். கேட்க அவர் இங்கே இல்லை.