சேகர் வடிகட்டி வைத்த டிகாக்‌ஷன்

ஆபீஸ் டெர்மினலிலிருந்து இந்தக் கம்ப்யூட்டர் புல்லட்டின் போர்டில் எழுதுகிறேன். என் ரூம்மேட் சேகர் சனிக்கிழமை ஃப்ரீவே விபத்தில் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை அவன் அண்ணன் நியூஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவில் எங்கள் சன்னிவேல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தகனம் நாளைக்கு. பயணக் களைப்பில் இருந்தாரே, காபி போடலாம் என்று ஸ்டவ் பக்கம் போனேன்.

"வேண்டாம் மூர்த்தி. நாளைக்கு எல்லாம் முடியற வரைக்கும் இந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாது."

"எலெக்ட்ரிக் ஸ்டவ்தாண்ணா."

"அதுவும் அடுப்புதான்."

ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். பச்சைத் தண்ணீரில் காபித் தூளை அரை நாள் ஊறவைத்து இறக்கிய டிகாக்‌ஷன். நெருப்பே படாதது. குளிர்ந்த பாலில் கலந்து கொடுத்தேன்.

ஒரே மூச்சில் குடித்தார். "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. நீ போட்டதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சேகர் போட்டது. சனிக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடிதான் வடிகட்டி வெச்சான். ரெண்டு வாரம் கெடாதுன்னான்."

காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். பாட்டிலில் இப்போது ஒரு டம்ளருக்குத்தான் இருக்கிறது. ஆபீஸுக்குக் கிளம்பும் வரை ஃப்ரிட்ஜ் மோட்டார் உறுமும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

மூடியில் அவன் ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கிறது: "மூர்த்தி, எனக்கு ஒரு டம்ளராவது மிச்சம் வைடா."

வைத்துவிட்டேன். இனி அதை என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.