தலை நசுங்கிய மைக்

நேற்றுக் கடையை ஒழுங்குபடுத்தும்போது அக்கா மகன் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய மைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். எங்கள் மைக் செட் தொழிலை இப்போது நடத்துவது அவன்தான். கல்யாணமாகிப் பிள்ளைகளும் பெற்றவன். ஆள் உயர ஸ்பீக்கர், மேடைக்குப் பின்னால் வெளிச்சத் திரை, வயரே இல்லாத மைக் என்று நான் கனவில்கூட நினைக்காத இடத்துக்குத் தொழிலைக் கொண்டுபோய்விட்டான். மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் அவனை வீட்டில் பார்க்க முடியாது. "இது எதுக்கு மாமா எடத்த அடைச்சிக்கிட்டு? தலை வேற நசுங்கிக் கெடக்கு. பழைய சாமானோட தள்ளிடவா?" என்றான். கையில் வாங்கிக்கொண்டேன். நசுங்கிய இடத்தில் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது.

காரைக்காலில் நான் மைக் கட்டாத மேடை இல்லை. மைக்கை விழுங்கிவிடுவதுபோல் கத்துகிறவர்களையும், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு சத்தம் வரவில்லை என்று என்னை முறைக்கிறவர்களையும் பார்த்துப் பார்த்து, பேச்சு என்றாலே எனக்குக் கசந்துபோயிருந்தது. அப்படி இருந்தபோதுதான் பேராசிரியர் வந்தார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். தருமபுரத்தில் வீடு. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் பாரிஸ் பக்கம் போய்விட்டாள். வருடாவருடம் நூலக விழாவில் அவர் பேசுவார். தலைப்பு மட்டும் மாறவே மாறாது. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கும் முன்னால் வாழ்ந்த ஒரு நகைச்சுவை எழுத்தாளரின் வாழ்க்கையும் எழுத்தும். அந்த மனிதரின் ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு, என் சொந்தச் சித்தப்பாவின் கதையைவிட அவர் கதை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வருடம் நடந்தது இது. பேராசிரியர் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார், திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் சத்தம் நின்றால் முதலில் வயரைத்தான் சந்தேகப்படுவோம், பேசுகிற ஆளை இல்லை. ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் மூச்சு இல்லை. விழுந்தடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். வயர் காலில் மாட்டி ஸ்டாண்டோடு சாய்ந்தேன். மைக் தரையில் விழுந்து தலை உள்ளே போய்விட்டது. அதை எடுத்து டொக் டொக்கென்று தட்டி, ஊதி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். கணீரென்று கேட்டது. பேராசிரியர் என்னைப் பார்த்து நிதானமாக, "மைக் நல்லாத்தான் இருக்கு தம்பி. நாந்தான் நின்னேன்" என்றார். சபை அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது.

விழா முடிந்து வயர் சுற்றும்போது திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குழந்தைபோல் குதூகலமாக இருந்தார். அந்த அமெரிக்கக்காரர் மேடையில் பேசும்போது, சிரிப்பு வரப்போகிற இடத்துக்கு ஒரு படி முன்னால் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பாராம். எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதில்தான் வித்தையே இருக்கிறதாம். "நானும் நின்னு நின்னு பாத்தேன். ஒரு பய சிரிக்க மாட்டேங்குறான். நீங்க வந்து தட்டுனதும்தான் எனக்கே வித்தை புரிஞ்சிச்சு. அடுத்த வருஷமும் இதே மாதிரி வந்து தட்டுங்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். வருடத்துக்கு ஒரு தடவை, அவர் நிற்பார், நான் போய்த் தட்டுவேன். ஊர் அதற்காகவே வந்தது. கூட்டம் தொடங்குமுன் என் காதோரம் வந்து, "நசுங்கல் வந்திருக்கா?" என்று கேட்பார். நல்ல மைக் எத்தனை இருந்தாலும் அதுதான் வேண்டும் அவருக்கு.

அவர் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். பெரிய ஆற்றங்கரையில் சின்ன ஊர். அப்பா சீக்கிரம் செத்துப்போக, பையன் அச்சாபீசில் எழுத்துக் கோக்கப் போகிறான். பிறகு நீராவிக் கப்பலோட்டக் கற்கிறான். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆற்றில் விட்டு ஆழம் பார்ப்பார்களாம். கப்பல் தட்டாமல் போகும் ஆழம் இருந்தால் ஒரு குரல் கொடுப்பார்களாம். அந்தக் குரலையே பின்னால் எழுதுவதற்குப் பெயராக வைத்துக்கொண்டாராம். இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்த படகுக்காரர் ஒருவர் எழுந்து, "நம்ம அரசலாத்து முகத்துவாரத்துல அந்த ஆழம் இருந்தா நாங்க ஏன் சார் தண்ணி ஏறட்டும்னு காத்துக் கெடக்குறோம்?" என்று கேட்டார். பேராசிரியர் அதையும் அடுத்த வருடப் பேச்சில் சேர்த்துக்கொண்டார். தப்பி ஓடும் அடிமையும் அவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத பையனும் கட்டுமரத்தில் போகிற கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். ஊரையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டே ஊரின் அநியாயத்தையும் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் என்பார்.

அந்தப் பெரிய மனிதருக்கும் கஷ்ட காலம் வந்தது. பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட வயதான காலத்தில் உலகம் சுற்றிப் பேசினார். நம் நாட்டுக்கும் வந்தார். சுற்றி முடித்து இங்கிலாந்தில் இருந்தபோது, ஊரில் விட்டுவந்த மூத்த மகளுக்குச் சுகமில்லை என்று சேதி வருகிறது. மனைவி கப்பலேறிப் போகிறார். அவர் கடலைத் தாண்டுவதற்குள், தனியாக இருந்த இவருக்கு மகள் இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. இந்த இடத்தை மட்டும் பேராசிரியர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுவார். ஏன் சார் இப்படி ஓடுறீங்க என்று ஒருமுறை கேட்டேன். "சிரிப்பு வர்ற எடத்துலதான் தம்பி நிக்கணும். அழுகை வர்ற எடத்துல நிக்கவே கூடாது" என்றார்.

பிறகு ஒரு வருடம் அவர் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சாயங்காலங்களில் கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கீழவாஞ்சூர்த் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் லாரிகள் கரித்தூளை இறைத்துக்கொண்டு போகும்; அவர் கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருப்பார். அங்கே ஆஸ்பத்திரியில் என்ன மணி என்று அவ்வப்போது தனக்குத்தானே கணக்குப் போட்டுச் சொல்லிக்கொள்வார். விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார், வந்தபாடில்லை. "'நீங்க வந்து என்னப்பா செய்யப்போறீங்க, நல்லாயிடுவேன்'னு சொல்றா" என்பார். மகள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் வேண்டுதல். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ வாங்கிக் கொடுப்பேன்.

அந்த நிலையிலும் நூலக விழாவுக்கு வந்தார். வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்திருந்தேன். வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. நசுங்கல் வந்திருக்கிறதா என்று அன்று கேட்கவில்லை. வழக்கமான இடத்தில் வழக்கம்போல் நின்றார், நான் போய்த் தட்டினேன், ஊர் சிரித்தது. நானும் என் வேலை முடிந்ததென்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சு இங்கிலாந்துக்கு வந்தது. ஒரு தந்தி வந்தது என்றார். அத்தோடு நின்றுவிட்டார்.

நிற்கக் கூடாத இடம் அது. வார்த்தையை மறந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. சபையோ பழக்கப்பட்ட சபை. மறுபடியும் வேடிக்கை காட்டப்போகிறார் என்று முன்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். போவதா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. போனால் சிரிப்பார்கள்; போகாவிட்டால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். எழுந்து போனேன். அவருக்கும் சபைக்கும் நடுவில் நின்றுகொண்டு மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மைக்குக்குக் கேட்காத குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் தட்டுங்க தம்பி."

தட்டினேன். வயரை உதறினேன், மைக்கைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன், இல்லாத கோளாறைத் தேடிக் குனிந்தேன். என் வாழ்நாளில் நான் யாரையும் அவ்வளவு சிரிக்க வைத்ததில்லை. கண்ணீர் வரச் சிரித்தார்கள். பின்னால் ஒரு மனிதர் அழுதுகொண்டிருந்தார், ஒருவருக்கும் தெரியாது. பிறகு தோளில் கை வைத்து என்னை விலக்கிவிட்டு, "மைக் நல்லாத்தான் இருக்கு" என்று தொடங்கி, பேச்சை முழுதாக முடித்துவிட்டுத்தான் இறங்கினார். வயர் சுற்றும்போது சொன்னார்: "மத்தியானம் போன் வந்திச்சு. போயிட்டா. வீட்ல தனியா உக்காந்திருக்க முடியல, அதான் வந்துட்டேன்." மனிதர்கள் இருக்கிற இடம் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் யாரிடமும் சொல்ல அவரால் முடியவில்லை.

அதன்பின் அவர் மேடையேறவில்லை. கடைக்கு வருவார், பேச்சு குறைந்துவிட்டது. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். அதே மண்டபத்தில் இரங்கல் கூட்டம். பாரிஸிலிருந்து அவருடைய மருமகனால் வர முடியவில்லை. அக்கா மகன் கொடுத்தனுப்பிய புது மைக்கை எடுத்து வைத்துவிட்டு நசுங்கலைத்தான் ஸ்டாண்டில் மாட்டினேன். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது, பழைய ஆட்கள் சிலர் தங்களை அறியாமல் என் பக்கம் திரும்பினார்கள். நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது, கூட்டமோ அவ்வளவு அமைதியாக இருந்தது.

அதைத்தான் நேற்றுக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா மகன், "சரி, வேலை செய்யுதான்னாச்சும் பாப்போம்" என்று வாங்கி, வயரைச் சொருகினான். டொக் டொக்கென்று தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். கடை முழுக்கக் கணீரென்று கேட்டது. நான் அவனுக்கு முதுகைக் காட்டி, அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லாத்தான் மாமா இருக்கு. போதுமா?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் தட்டுடா" என்றேன்.