ஒரு கம்பி குறைந்த கரியடுப்பு

மகள் மோட்டார் சைக்கிளால் விழுந்த அன்று பின்னேரம், ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். இடுப்பில் கசங்கிய சாரம், நகங்களுக்குள் கறுப்பு. மடியில் வைத்திருந்த உரப்பையிலிருந்து இரும்புக் கம்பிகளை எடுத்து, தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் துடைப்பதும், மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது.

“இந்த நேரத்திலை உது தேவையோ அண்ணை?”

“மீன் வாட்டுற பழைய கரியடுப்பின்ரை கம்பி, தங்கச்சி. மகன் மெசினாலை துருவை உரஞ்சி முடிக்கேக்கை கரண்ட் அடிச்சிட்டுது. உள்ளுக்கு வைச்சிருக்கினம். எங்கடை அரியாலைக் கடற்கரை உப்புக்காத்துக்கு வெறும் இரும்பை விட்டால் விடியச் சிவந்துபோம். எழும்பி வந்து பாத்தால் என்னைத்தான் ஏசுவான்.”

என் கண் உள்கதவிலேயே இருப்பதைக் கண்டிருக்க வேண்டும். ஒரு கம்பியையும் துணித்துண்டையும் என்னிடம் நீட்டினார்.

“மெல்லிசாப் பூசுங்கோ. கூடினால் பிசுபிசுக்கும்.”

பூசினேன். கொஞ்ச நேரம் கதவைப் பார்க்க மறந்தேன். அதற்குள் தாதி கூப்பிட, எழும்பி ஓடினேன்.

“உதென்னம்மா கையிலை இரும்பு?” என்று மகள் கண் திறந்து கேட்டபோதுதான் கம்பியைக் கண்டேன். திரும்பி வந்து பார்த்தால் வாங்கில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவருடைய மகனின் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

மகள் இப்போது நடக்கிறாள். அந்தக் கம்பிக்கு இன்னும் எண்ணெய் பூசுகிறேன், துரு ஏறவில்லை. அந்தப் பிள்ளை எழும்பி வந்து, ஒரு கம்பி குறையுதென்று தகப்பனை ஏசியிருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொள்கிறேன்.