இன்னும் ஒரு சுத்து

தண்ணீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் குழாய் மாட்டியவர் அவர். "இன்னும் ஒரு சுத்து" என்று சொல்லாமல் ஸ்பானரைக் கீழே வைக்கமாட்டார். அவர் முடுக்கிய குழாய் எதுவும் ஒழுகியதில்லை. வீட்டில் அவர் மூடிய ஜாம் பாட்டிலைத் திறக்கவும் அவரேதான் வரவேண்டும். மனைவி அலுத்துப்போய் ஜாம் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை, காரின் ஸ்பார்க் பிளக்குகளைத் தாமே மாற்ற உட்கார்ந்தார். "கையால திருகுங்க. உட்கார்ந்ததும் ஸ்பானர்ல அரை சுத்து, அவ்வளவுதான்" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்றை அப்படியே மாட்டினார். நான்காவதில் கை சும்மா இருக்கவில்லை. இன்னும் ஒரு சுத்து கொடுத்தார். இறுகி நின்ற பிளக் சட்டென்று லேசாகி, சும்மா சுற்ற ஆரம்பித்தது. எஞ்சினில் அதைப் பிடித்து நிறுத்தும் அலுமினியத் திருகு மரை அழிந்துபோயிருந்தது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"மூணு முடிஞ்சுது."

"நாலாவது?"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். மனைவி குனிந்து, இரண்டே விரலால் அந்தப் பிளக்கை வெளியே எடுத்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து, நீங்க முடுக்கினதுல நான் தொறந்தது இது ஒண்ணுதான்."