உருளை மேல் நின்ற கார்

சென்ற சித்திரையில், காத்தான்குடி கராஜ் ஒன்றில் அவரைக் கண்டேன். கார்ச் சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு எஞ்சினின் குதிரைவலுவை அளப்பவர். அடிக்கடி சுவர் வெப்பமானியைப் பார்ப்பார். அன்று ஒரு காரை விற்ற அவரது மச்சானும் அதை வாங்கிய அவரது அயல்வீட்டுக்காரரும் அதன் வலு பற்றி அவர் சொல்லை ஏற்பதாக வந்திருந்தார்கள். விற்றவர் சொன்ன வலு காலையில் அளந்தபோது வந்தது, நண்பகலில் வரவில்லை.

"எது காக்கா சரி?" என்று அவரை அண்ணன்முறை சொல்லிக் கேட்டேன்.

"ரெண்டும்தான். சூட்டுல எஞ்சின் இளைக்கும். மெஷின் டயருக்கு வாற வலுவத்தான் அளக்கும், எஞ்சின்ட வலு நம்மட ஊகம்."

"அதை அவங்களுக்குச் சொல்லுங்களன்."

"செல்லிட்டன். அதுக்குப் பிறகுதான் இந்தக் கரைச்சல்."

"பொழுது சாயட்டும் மச்சான், பிறகு போடுவம்," என்றார் விற்றவர்.

"இப்பவே போடுங்க, வெயில் ஆற விடாதீங்க," என்றார் வாங்கியவர்.

அளப்பவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் புறப்படும்வரை எஞ்சினை முடுக்கவுமில்லை, இறங்கவுமில்லை.