முன் சீட்டில் தாய்மாமன்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதக் காலை. அன்றைக்கு எனக்குக் கல்யாணம். எங்கள் வீடு டி. கல்லுப்பட்டியில், மாப்பிள்ளை வீடு வாடிப்பட்டியில். சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ்ஸில் முன்னாடியே கிளம்பிப் போய்விட்டார்கள். வாடகை அம்பாசிடரில் பின் சீட்டில் நானும் அம்மாவும். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் என் தாய்மாமன்.

மாமாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் அக்கா கல்யாணத்தில் மாலையை முதலில் தன் கையில் கொடுக்கவில்லை என்று பந்தியில் கூட உட்காராமல் எழுந்து போன மனிதர். அதோடு எங்கள் வீட்டுப் பக்கமே பல வருஷம் வரவில்லை. என் கல்யாணத்துக்கு அம்மாவே போய் அழுது, தம்பியைக் கூட்டி வந்திருந்தாள். அதனால் முன் சீட்டு அவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம். எதிரே லாரி வந்தால் போதும், தானே வண்டி ஓட்டுகிற மாதிரி இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி பிரேக் போடுவார். இல்லாத பிரேக்கைத்தான்!

திருமங்கலம் தாண்டியதும் வண்டி திக்கித் திக்கி நின்றது. டிரைவர் இறங்கி பானட்டைத் திறந்தார். மாமாவும் இறங்கிப் போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நன்றாகவே பொறி வருகிறது. பெட்ரோலும் வருகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாமா ஏறினார். கொஞ்ச தூரம் போனோம். எதிரே ஒரு லாரி, மறுபடி அதே கதை.

இந்தத் தடவை டிரைவர் பானட்டைத் திறக்கவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. சாவியிலருந்து இஞ்சினுக்குப் போற வயரு ஒங்க காலுக்கடியில, ரப்பர் மேட்டுக்குக் கீழதான் போகுது. காலை அழுத்துறப்போ விட்டுப் போகுதோ என்னமோ..."

அவ்வளவுதான்! "என் காலு பட்டு ஒன் வண்டி நிக்குதாக்கும்? அப்படின்னா சொல்லு. நான் எறங்கி பஸ்ஸேறி ஊரப் பாத்துப் போறேன்."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் பதறிப் போய், "அட, அதெல்லாம் இல்லண்ணே, கார்புரேட்டர் அடைப்பாத்தான் இருக்கும்" என்று பல்டி அடித்துவிட்டார். ரப்பர் மேட்டைத் தூக்கி வயரைச் சரிபண்ண எவ்வளவு நேரமாகும்? ஆனால் தூக்கினால் மாமா சொன்னது பொய் என்றாகிவிடும். யார் தூக்குவது?

மதுரையைத் தாண்டிப் பரவைக்கு வருவதற்குள் இன்னும் சில தடவை நின்றுவிட்டோம். டிரைவர் ஒவ்வொரு தடவையும் இறங்கி, கோளாறே இல்லாத கார்புரேட்டரைத் துடைத்துவிட்டு வந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. முகூர்த்தம் தவறிவிடுமோ என்று எனக்குப் பயம். மாமா கோபித்துக்கொண்டு இறங்கிப் போனாலோ, மாலை எடுத்துக் கொடுக்க ஆளில்லை, அம்மாவுக்குத் தம்பியும் இல்லை. கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டிருந்தார்கள். எனக்கோ மாமா மேல் அப்படி ஒரு ஆத்திரம். திரும்பிப் பார்த்தால் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

வண்டி மறுபடியும் நின்றபோது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நீயாவது ஏதாவது செய்யேன்மா என்கிற பார்வை.

"மாமா, எனக்கு ஒரு மாதிரி படபடன்னு வருது. பயமா இருக்கு. எங்கூட வந்து உக்காருங்களேன்" என்றேன்.

படபடப்பு பொய்தான். ஆனால் குரல் என்னவோ நிஜமாகவே நடுங்கியது.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். இறங்கி வந்து பின் சீட்டில் என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, என் தலையில் கை வைத்தார். அம்மா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், நடுவில் நான் நசுங்கிப் போனேன். பூவெல்லாம் கசங்கியது. எதிரே லாரி வந்தபோதெல்லாம் மாமா என் பட்டுச்சேலைக் கொசுவத்தின் மேல் பிரேக் போட்டார், பாவம். வண்டி வாடிப்பட்டி வரை நிற்கவே இல்லை.

முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில் மண்டபத்துக்குள் ஓடினோம். மாலையை மாமாதான் எடுத்துக் கொடுத்தார். தாலி கட்டி முடிந்து நான் காலில் விழுந்து எழுந்தபோது, காதோரம் குனிந்து சொன்னார்.

"டிரைவர் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு ஆத்தா. வாய விட்டுட்டேன். அப்பறம் நானா எப்படி எந்திரிச்சு வாரது? யாராச்சும் கூப்பிட மாட்டாகளான்னுதான் உக்காந்துருந்தேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாமா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால், நியாயம் யார் பக்கம் என்று யோசிப்பதற்கு முன்னால் "வாங்க, சாப்பிடலாம்" என்று நான் கூப்பிட்டுவிடுகிறேன்.