பதில் சொல்ல மாமியார், கேள்வி கேட்க நான்

குழந்தைக்கு ஊசி போடுவது சுலபம், அதன் அம்மாவிடம் "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டு, அவள் வாயாலேயே பதில் வாங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

நான் ஆஸ்டின் டவுனில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஊசி ரூம் நர்ஸ். பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது, பெற்றவளுக்குத் தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பது எங்கள் டாக்டரம்மா உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் பிள்ளை பெற்றவள் நம்மிடம் தனியாக எங்கே வருகிறாள்? கல்யாண வீட்டில் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசப் போய் அவள் அத்தையிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வாட்ச் சொன்ன தூக்கம்

அல்சூரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. நான் பெண்ணிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். புருஷன் போனை நீட்டினார். மனைவியின் தூக்கத்தைக் கணக்கெடுக்கவே ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறாராம். போனில் பச்சைப் பச்சையாகக் கோடுகள். நேற்று ராத்திரி அருமையான தூக்கம் என்று அதில் வந்திருப்பதாகப் பெருமையாக விளக்கினார்.

அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே மை பூசிய மாதிரி கருவளையம். போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் ஒரு கொட்டாவியை விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "பாப்பாவத் தூக்கறப்ப குத்துதுன்னு ராத்திரியில கழட்டி இவருகிட்ட குடுத்துடறேன் சிஸ்டர். இவருதான் கட்டிட்டுத் தூங்குறாரு."

காதில் பஞ்சு

பாணந்திக்கு, அதாவது பிள்ளை பெற்றவளுக்கு, காற்றுப் புகக்கூடாது என்று காதில் பஞ்சடைத்துத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிவிடுவது இங்கே வழக்கம். அப்படி ஒருத்தி வந்தாள். கூடவே அம்மா, பெரியம்மா, நாத்தனார். நான் எது கேட்டாலும் அவள் சுவரைப் பார்த்தாள். மற்ற மூன்று பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள், அதுவும் மூன்று விதமாக. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. குழந்தைக்கு எடை பார்க்கச் சொல்லி மூவரையும் பக்கத்து ரூமுக்குத் துரத்திவிட்டு, ஸ்கார்ஃபை விலக்கி, பஞ்சை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "அத மட்டும் எடுக்காதீங்கக்கா. வீட்ல எனக்கு இருக்கிற நிம்மதியே அதான்."

திரைக்குக் கீழே கால்

சந்தாபுராவிலிருந்து வந்த ஜெயந்தியிடம்தான் என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. கூட வந்தவர் மாமியார் பத்மாம்மா, கோலார் தங்கவயல்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்: நல்லா சாப்பிடுறா, நல்லா தூங்குறா, எப்பவும் சிரிச்ச முகம். அந்தச் சிரித்த முகத்தைத் தேடினேன். மடியில் குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. அவள் யார் வீட்டுக் குழந்தையோ என்று உட்கார்ந்திருக்கிறாள்.

எடை பார்க்க அனுப்பினேன். பத்மாம்மா குழந்தையை ஆயா கையில் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து, கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். கீழே இரண்டு கால் தெரிகிறது. ஜெயந்தி அந்தக் காலையே பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, காலைப் பார்த்தபடியே பேசினாள். பாணந்தி அழுதால் பால் வற்றிவிடும் என்பதால் அழக்கூடாதாம். அதனால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாளாம். அப்புறம், குரலே எழும்பாமல், இந்தக் குழந்தைக்கு நான் இல்லாமல் இருந்தால்தான் நல்லது என்று தோன்றுகிறது என்றாள்.

அவள் கையை விடாமல் நானே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இது நோய்தான், குணமாகும் என்று அவர் சொல்லி, அன்றைக்கே மனநல டாக்டரிடம் அனுப்பினார். பால் கொடுப்பவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரையே இருக்கிறது, அவளைத் தனியாக விடக்கூடாது, தூங்கவிட வேண்டும் என்றெல்லாம் மாமியாரிடமும் விளக்கினார். பத்மாம்மா சண்டைக்கு வருவார் என்று நான் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என் மாமியா எனக்குச் சொன்னதத்தான் நான் இவளுக்குச் சொன்னேன் சிஸ்டர். ஆனா அப்ப நானும் தெனம் திருட்டுத்தனமா அழுதுகினுதான் இருந்தேன். பாலு ஒண்ணும் வத்தல."

அடுத்த ஊசி

அடுத்த ஊசிக்கு அவர்கள் வருகிற வரைக்கும் எனக்கு வேலையில் மனசே ஓடவில்லை. வந்தார்கள். பத்மாம்மா உள்ளே வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நான் வெளிய போறேன், அவளையே கேளும்மா. பேகனே, சீக்கிரமா கேளு, பஸ்சு போயிடும்" என்று கிளம்பிவிட்டார். திரைக்குக் கீழே பார்த்தேன், கால் இல்லை.

எப்படிம்மா இருக்கே என்றேன். அழுகை இன்னும் வருகிறது, ஆனால் அந்தப் பழைய எண்ணம் இப்போது வருவதில்லை என்றாள். தூக்கம் எப்படி என்று கேட்டதும் முதல் தடவையாக அவள் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "தூக்கம் வருது சிஸ்டர். அத்தைதான் நிமிஷத்துக்கொரு தரம் வந்து, 'தூங்கிட்டியா, தூங்கிட்டியா'ன்னு எழுப்பிக் கேக்குறாங்க."

ஒருத்தியை ஒரு வார்த்தை கேட்பதற்கு ஒரு குடும்பத்தையே இறக்கிவிட வேண்டியிருக்கிற இந்த வேலைக்கு நர்ஸ் என்று பெயர் வைத்தது தப்பு, கண்டக்டர் என்று வைத்திருக்க வேண்டும்.